ஆகஸ்ட் மாதத்துப் பூங்கா

கஃபர் சும்மாக்,
14 செப்டம்பர் 1999

அண்ணன் மன்ஸூருக்கு,

நீ விமானம் ஏறி மூன்று வாரம் ஆகிறது. அபிஜானுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அண்ணி தொலைபேசியில் சொன்னாள். இந்தக் கடிதத்தை, அங்கே திரும்பிப் போகிற நம் ஊர் முனீர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நீ பேசுவாய், நான் கேட்பேன். எழுதினால் நீ கடைசி வரி வரைக்கும் வந்தாக வேண்டும்.

பூங்காத் திறப்பு விழாவை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. முக்கியமாக நீ அறுத்துப் போட்ட ஆடுகளைப் பற்றி. வாசலில் அப்பா பெயர் பொறித்த பளிங்குப் பலகையை, கடைக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. நீரூற்று வேண்டாம், புல்வெளி வேண்டாம், நாலு மல்பெரி மரமும் நிழலில் பெஞ்சும் போதும் என்று சொன்னேன். நீ அபிஜான் ஹோட்டலில் பார்த்த புல்லைத்தான் கேட்டாய். அங்கே வானம் தண்ணீர் ஊற்றுகிறது. இங்கே ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வீடுகளுக்கே வாரத்தில் இரண்டு நாள். இப்போது லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். தோட்டக்காரர் தவ்ஃபீக்குக்குச் சம்பளம், மின்சாரம், குப்பை வண்டி எல்லாம் தனி. யானையை வாங்கிக் கட்டிவிட்டாய் அண்ணா, தீனி யார் போடுவது?

பெய்ரூத்திலிருந்து வரவேண்டிய அரசுப் பங்கு இரண்டு வருஷமாக வரவில்லை. நகராட்சிக்குச் சொந்தமாக இருப்பது வீட்டுவரி மட்டும்தான். அதனால் நகராட்சித் தலைவி என்ற முறையில், இங்கே இருக்கிற உன் வீட்டுக்கான வரிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு மூன்று லட்சம் லிரா. எல்லா வீட்டுக்கும் போகிற அதே அச்சடித்த சீட்டுதான், "தாங்கள்" என்று இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சுஹைலா


அபிஜான்,
10 அக்டோபர் 1999

சுஹைலா,

என் கடையில் நாலு பேர் இருக்கும்போது முனீர் உறையைக் கொடுத்தான். தங்கச்சி நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறாள் என்று நினைத்து அவர்கள் முன்னாலேயே பிரித்தேன். உள்ளிருந்து வரிச் சீட்டு விழுந்தது. நம் ஊர் ஸாமி குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன ஹாஜி, தங்கச்சியே ஜப்தி பண்ண வந்துட்டாளா?" என்றான். இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முப்பதாயிரம் டாலர் கொடுத்தேன். ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் வசந்த காலத்தில் இன்னும் பத்தாயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இருநூறு டாலருக்குச் சீட்டு அனுப்புகிறாய். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை. அப்பா காலத்திலிருந்து கடல் தாண்டிப் போனவனிடம் யாராவது வரி கேட்டிருக்கிறார்களா? அவன் மசூதிக்குக் கொடுப்பான், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பான். கேட்காமலே கொடுப்பான். அதுதான் நம் ஊர் மரியாதை. அந்த மரியாதையைக் கெடுத்த முதல் தலைவி என் தங்கச்சி.

இன்னொன்றும் காதில் விழுந்தது. பூங்காவில் காலையிலிருந்து இருட்டும் வரை எல்லைக் கிராமத்து அகதிப் பிள்ளைகள்தான் நிறைந்திருக்கிறார்களாம். நீரூற்றில் துணி துவைக்கிறார்களாம். நான் அப்பா பெயரில் கட்டியது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. கதவுக்கு ஒரு பூட்டுப் போடு. ஊர்க் குடும்பங்களுக்கு ஒவ்வொரு சாவி கொடு. அதற்கு எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன்.

மன்ஸூர்


கஃபர் சும்மாக்,
7 நவம்பர் 1999

அண்ணனுக்கு,

கடையில் நாலு பேர் முன்னால் விழுந்ததற்கு வருத்தப்படுகிறேன். சீட்டு அனுப்பியதற்கு வருத்தப்படவில்லை.

புல் செத்துவிட்டது. அக்டோபர் முதல் வாரத்திலேயே மஞ்சளாகி, பிறகு மண்ணாகிவிட்டது. நீரூற்றை நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீ பூங்காவைப் பார்த்தது ஆகஸ்டில் பத்து நாள். நாங்கள் மீதி வருஷம் முழுக்கப் பார்க்கிறோம்.

சாவி பற்றி எழுதியிருந்தாய். சொல்கிறேன், கேள். போன வாரம் உம்மு வஜீஹ் வந்திருந்தாள். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எழுபத்தெட்டில் அந்நியப் படை நுழைந்தபோது எல்லையோரக் கிராமத்திலிருந்து கட்டின துணியோடு ஓடிவந்தவள். எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. மூத்த மகன் வஜீஹ் போய்ச் சேர்ந்தான், வஜீஹின் அம்மா என்கிற பெயர் மட்டும் அவளோடு இருக்கிறது. வீட்டுவரி குடியிருப்பவர் கட்டவேண்டியது என்பதால், வருஷா வருஷம் கட்ட முதல் ஆளாக வருவாள். கொடுத்த கையோடு சண்டையும் பிடிப்பாள்.

"ஏம்மா தலைவி, காசு வாங்கறப்ப கை நீளுது. ஊஞ்சல் எங்கன்னு கேட்டா மட்டும் காது மந்தமாயிடுதா?"

"வசந்த காலத்துல வரும்மா. எங்கண்ணன் அனுப்பறேன்னிருக்கார்."

"உங்கண்ணன் அனுப்பறது அவர் இஷ்டம். என்னைக்கு அவருக்கு மூக்கு சிவக்குதோ அன்னைக்கு நிறுத்திடுவார். நான் கட்டினேன் பாரு காசு, அதுக்கு என்ன வாங்கினே? அதச் சொல்லு."

"தவ்ஃபீக்குக்குச் சம்பளம் கொடுத்தேன்."

"அவன் மரத்தடியில தூங்கறதுக்கா? வல்லாஹி, அந்தச் சம்பளத்துல பாதி குடுத்தா நானே தூங்குவேன்!"

அலுவலகமே சிரித்தது. நீரூற்றில் துணி துவைத்தது அவள் மருமகள்தான். நானே போய்த் திட்டிவிட்டு வந்தேன். அதில் உன் காதில் விழுந்தது சரி.

ஆனால் கணக்கையும் பார். அரசு பெய்ரூத்திலிருந்து தருகிற பங்கு பதிவேட்டுத் தலைக்கணக்கில் வருகிறது. அபிஜானில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத உன் நாலு பிள்ளைகளும் இங்கே பதிவு. அவர்கள் பேரில் நமக்குப் பங்கு உண்டு, அவர்களுக்கு இங்கே ஓட்டும் உண்டு. இருபது வருஷமாக இங்கே இருக்கிற உம்மு வஜீஹுக்கு இங்கே ஓட்டு இல்லை. அவள் பேரப்பிள்ளைகளுக்கான பங்கு நகராட்சிக் கட்டடமே இல்லாத எல்லைக் கிராமத்தின் கணக்கில் ஏறுகிறது. ஆனால் வரி மட்டும் இங்கே கட்டுகிறாள். ஓட்டுப் போடுகிறவன் கட்டுவதில்லை, கட்டுகிறவள் ஓட்டுப் போடுவதில்லை. இந்த லட்சணத்தில் நான் யாரிடம் சாவியைக் கொடுத்து யாரை வெளியே நிறுத்துவது?

பூட்டுப் போடமாட்டேன். என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது என் திறமை என்று நான் நினைக்கவில்லை. நம் ஹம்மூத் குடும்பத்து ஆம்பிளையை ஸைஃப் குடும்பம் ஏற்கவில்லை, அவர்கள் ஆளை நம்மவர்கள் ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் பள்ளிக்கூடத்தில் என்னிடம் அடி வாங்கியவர்கள் என்பதால் என்னை வைத்தார்கள். அடிப்பது பழகிவிட்டது.

சுஹைலா


அபிஜான்,
6 டிசம்பர் 1999

சுஹைலா,

கணக்கு வாத்தியாரம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது. நான் வியாபாரி, எனக்கு ஒரு வார்த்தை போதும்.

பூட்டு இல்லையென்றால் பத்தாயிரம் இல்லை. அப்பா பெயர்ப் பலகையையும் கழற்றிவிடு. யாரோ எவரோ குந்தியிருக்கிற இடத்துக்கு அவர் பெயர் எதற்கு?

வரிச் சீட்டைக் கிழித்துவிட்டேன்.

மன்ஸூர்


கஃபர் சும்மாக்,
29 டிசம்பர் 1999

அண்ணா,

நோன்பு திறக்கிற நேரத்தில் வானொலியில் கேட்டோம். அபிஜானில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது, கடைவீதியெல்லாம் சூறை என்று. ஐந்து நாளாகத் தொலைபேசி போகவில்லை. முனீரின் மாமனார் நாளை டக்கார் வழியாக அங்கே வருகிறார், அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

பூட்டு, வரி, பலகை எல்லாம் கிடக்கட்டும். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறீர்களா? அதை மட்டும் எழுது. ஒரு வரி போதும். அதையும் எழுத வீம்பு பிடித்தாயானால் நான் தாங்கமாட்டேன்.

சுஹைலா


அபிஜான்,
11 பிப்ரவரி 2000

சுஹைலா,

எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து நாளாயிற்று. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கடை போய்விட்டது. கிடங்கும் போய்விட்டது. துணிமூட்டை, மின்விசிறி, தையல் இயந்திரம், ஒன்றும் மிச்சமில்லை. கதவின் கீலைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். எடுத்துப் போனவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. ஊரே கலங்கிக் கிடந்த நேரம்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். மறுநாள் நான் கடை வாசலில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையன் வந்தான். பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை, அவன் அம்மாவுக்குக் கடனுக்குத் துணி கொடுத்திருக்கிறேன். திமிராக எல்லாம் பேசவில்லை. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்.

"முதலாளி, இனிமே எப்போ உங்க ஊருக்குப் போவீங்க?"

இருபத்தெட்டு வருஷம் சுஹைலா. இந்த ஊர் நகராட்சிக்கு மாதம் தவறாமல் கடைவரி கட்டியிருக்கிறேன். அந்த ரசீதெல்லாம் மேஜையோடு போய்விட்டது. நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

பத்தாயிரம் என்னால் முடியாது. வீம்பால் இல்லை, நிஜமாகவே இல்லை. ஊஞ்சல் வராததற்கு என் பேரைச் சொல்லிக்கொள்.

மன்ஸூர்


கஃபர் சும்மாக்,
18 ஜூன் 2000

அண்ணனுக்கு,

மார்ச் மாதமே ஓர் ஊஞ்சல் வந்துவிட்டது. ஒன்றுதான். நபத்தியாவில் இரும்புப் பட்டறையில் செய்தது, பச்சைப் பெயிண்ட். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் கட்டிய வரியில் வாங்கினேன். செத்த புல் இருந்த இடத்தில் நான் சொன்ன அந்த நாலு மல்பெரிக் கன்றுகளை வைத்தாயிற்று.

மே கடைசியில் அந்நியப் படை விலகி எல்லை திறந்ததை நீயும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். இரண்டே நாளில் அகதிக் குடும்பங்கள் அத்தனையும் கிளம்பிவிட்டன. தெரு முழுக்க அரிசி தூவினார்கள், குலவையிட்டார்கள். நானும் நின்று குலவையிட்டேன். தொண்டை கட்டிவிட்டது.

உம்மு வஜீஹின் வண்டி நகராட்சி வாசலில் நின்றது. மெத்தை, அடுப்பு, கோழிக்கூடு, அதற்கு மேலே பேரப்பிள்ளைகள். மூச்சு வாங்க மாடியேறி வந்து மேஜையில் பணத்தை வைத்தாள்.

"இந்த வருஷத்து வரி. எழுது."

"வருஷம் பாதிகூட ஆகலையேம்மா. பாதி கட்டினாப் போதும். நீ போறவ, கட்டாமப் போனாலும் நான் கேக்கப்போறதில்லை."

"முழுசா எழுதுன்றேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பசங்களக் கூட்டிட்டு வருவேன். அங்க இன்னும் கண்ணிவெடி எடுக்கலை, எங்க விளையாடும்? ஊஞ்சல்ல உக்காரும்போது எவனாச்சும் 'நீ இந்த ஊரா'ன்னு கேட்டா இந்த ரசீத மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன்."

எழுதிக் கொடுத்தேன். மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டாள். "ஊஞ்சலுக்கு எண்ணெய் போடச் சொல்லு, கழுதை மாதிரி கத்துது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது பூங்கா காலி. நீ கேட்டபடியே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள்தான் இல்லை. அவர்கள் பெய்ரூத்திலும் அபிஜானிலும் இருக்கிறார்கள். வரி கட்டியவர்களும் வண்டியேறிப் போய்விட்டார்கள். தவ்ஃபீக்குக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

ஸைஃப் குடும்பத்து அட்னான் ஒரு யோசனை கொண்டுவந்திருக்கிறான். பூங்காவை அவன் மச்சானுக்குக் குத்தகைக்கு விடுவது. அவன் சுற்றிச் சுவர் எழுப்பி, ஹூக்கா கடையும் காப்பிக் கடையும் வைப்பான். நகராட்சிக்கு வாடகை வரும். காப்பி வாங்கினால்தான் உள்ளே விடுவான். ஆகஸ்ட் கடைசியில் சபையில் ஓட்டெடுப்பு. ஏற்கெனவே பாதிப் பேர் அவன் பக்கம். அவர்களைத் திட்டவும் எனக்கு வாயில்லை, காசு இல்லாமல் பூங்கா ஓடாது என்பது நிஜம். கடல் தாண்டிப் போனவர்களின் பூட்டிக் கிடக்கிற அறுபது வீடுகளுக்கும் சீட்டு அனுப்பினேன். கட்டியது நாலு வீடு. மீதிப் பேர், "மன்ஸூரே கட்டலை, நாங்க ஏன்?" என்கிறார்கள்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் நிலைமை தெரியும். வீடு காலி, யாரும் புழங்கவில்லை என்று ஒரு மனு எழுதி அனுப்பு. சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது, வரி தள்ளுபடியாகும். நானே கையெழுத்துப் போடுகிறேன். பலகையை நான் கழற்றவில்லை.

சுஹைலா


அபிஜான்,
20 ஜூலை 2000

சுஹைலா,

வீடு காலி என்று எழுதமாட்டேன். அது பொய். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நானும் அண்ணியும் சின்னவர்கள் இரண்டு பேரும் வருகிறோம். இந்தத் தடவை பத்து நாளைக்கு இல்லை. பெரியவர்கள் இரண்டு பேர் இங்கேயே இருந்து கடையை மறுபடி எடுத்துக் கட்டுகிறோம் என்கிறார்கள். கட்டட்டும். எனக்கு அந்தப் பையனுக்குப் பதில் சொல்லித் தீரவில்லை.

முனீரிடம் ஓர் உறை கொடுத்திருக்கிறேன். போன வருஷம், இந்த வருஷம், இரண்டுக்கும் வரி. வண்டியை விற்ற பணம். நன்கொடை என்று எழுதிவிடாதே, வரி என்றே எழுது. ரசீது என் பேரில் வேண்டும். அப்பா பேரில் வேண்டாம், அவருக்குப் பளிங்கு இருக்கிறது.

இன்னொரு பெரிய உறையும் இருக்கும். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நம் ஊர்க்காரர்களை வாசலிலேயே மறித்தேன். ஸாமியைத்தான் முதலில் பிடித்தேன்.

"நான் கட்டிட்டேன். நீ?"

"என்ன ஹாஜி, எரிஞ்ச வீட்டுல பீடி பத்தவைக்க நெருப்பு கேக்கறீங்க?"

"உன் கடை ஒண்ணும் எரியலையே, கதவு மட்டுந்தானே போச்சு. ஊர்ல உன் வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு என் தங்கச்சிக்கு மனப்பாடம். சும்மா விடமாட்டா. நாலு பேர் முன்னால சீட்டு வந்து விழறதுக்குள்ள நீயே குடுத்துடு."

கொடுத்தான். முப்பத்தொரு வீடு தேறியது. எல்லார் பெயரும் உறையில் எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரசீது போடு, இல்லையென்றால் என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

சுவர் எழுப்ப விடாதே.

மன்ஸூர்


கஃபர் சும்மாக்,
9 அக்டோபர் 2000

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவி அவர்களுக்கு,

இதே ஊரில், மேலத்தெருவில் வசிக்கும் வரி செலுத்துபவனாகிய மன்ஸூர் ஹம்மூத் எழுதிக்கொள்ளும் மனு. வீட்டில் சொன்னால், "அலுவலகத்தில் எழுதிக் கொடு" என்று தாங்கள் சொன்னதால் எழுதிக் கொடுக்கிறேன்.

சபை ஓட்டெடுப்பில் சுவருக்குத் தப்பிய பூங்காவில், வரிப்பணத்தில் போட்ட விளக்குகளில் வாசலிலிருந்து மூன்றாவது எரியவில்லை. தவ்ஃபீக் தூங்குகிறார். ஊஞ்சல் கத்துவது என் வீடு வரை கேட்கிறது.

மேலும், நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா அஞ்சாறு பிள்ளைகளோடு வந்து, எழுந்திரு, இது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உட்காரும் இடம் என்றார். வாசல் பலகையில் இருப்பது என் தகப்பனார் பெயர் என்று பணிவாகவே சொன்னேன்.

"அது கெடக்கட்டும். நீ வரி கட்டினியா?"

ரசீது சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார்.

ஆவன செய்யவும்.

மன்ஸூர் ஹம்மூத்


நகராட்சி அலுவலகம், கஃபர் சும்மாக்,
10 அக்டோபர் 2000

ஐயா,

தங்கள் மனு கிடைத்தது. ஊஞ்சல் சம்பந்தமாக எல்லைக் கிராமத்து உம்மு வஜீஹ் என்பவரின் புகார் ஜூன் மாதத்திலிருந்தே நிலுவையில் இருக்கிறது. அவருக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் முறை வரும்போது கவனிக்கப்படும்.

சு. ஹம்மூத்
தலைவி

பி.கு.: ராத்திரி அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. வரும்போது ஒரு டப்பா எண்ணெய் வாங்கி வா.